பருத்த உடலும் தசை தளர்த்தும் மருந்தும்

ஒரே உயரமுள்ள இரு பெண்மணிகள் ஒரே நாளில் ஒரே வகைச் சத்திர சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கு வந்துள்ளனர் என்று கொள்வோம். இருவர்க்கும் உயரம் 160 சென்டிமீட்டர். ஒருவர் எடை 52 கிலோகிராம். மற்றவர் எடை 128 கிலோகிராம். இருவர்க்கும் மயக்கம் கொடுத்த பின்னர், உடலின் தசைகள் தளரும்பொருட்டு ரோகுரோனியம் என்னும் மருந்தை ஊசியின் வழியே இரத்தக்குழாயிற் செலுத்தவேண்டும். இம்மருந்தின் வழக்கமான அளவு கிலோகிராம் எடைக்கு 0.6 மில்லிகிராம். அங்ஙனமாயின் முதலாமவர்க்கு ஏறக்குறைய 31 மில்லிகிராமும், இரண்டாமவர்க்கு ஏறக்குறைய 77 மில்லிகிராமும் வேண்டும் என்பது பள்ளிச் சிறுவனும் போட்டுவிடக்கூடிய கணக்கு. பெருக்கலிற் பிழை இல்லை. ஆயினும் அக்கணக்கின்படி மருந்தைச் செலுத்தினால், இரண்டாமவர் சிகிச்சை முடிந்து அறிவு தெளியும் வேளையிலும் தாமே நன்கு மூச்சுவிட மாட்டாதவராய்க் கிடக்க நேரலாம். அப்பிழை யாண்டுப் புகுந்தது என்பதை ஆராயவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

வைத்தியக் கல்லூரி புகுவார் நம் வாசகருட் சிலரே. எனினும் இப்பொருள் வைத்தியர்க்கு மட்டும் உரியதன்று. பருத்த உடலினர் தொகை உலகெங்கணும் பெருகிவரும் இக்காலத்தில், நம் உற்றார் ஒருவர் அவ்வறுவை மேசையின்மீது கிடத்தல் அரிய செய்தியன்று. அன்றியும், எடை கூடினால் மருந்தும் அதே விகிதத்திற் கூடவேண்டும் என்று நாம் அனைவரும் ஆராயாமலே நம்பியிருக்கும் கொள்கை எவ்விடத்தில் மெய், எவ்விடத்திற் பொய் என்பதை இவ்வொரு மருந்தினத்தைக் கொண்டே தெளிவாகக் காணலாம்.

முதற்கண் தசை இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். தசை தானே இயங்குவதன்று. நரம்பு ஏவ இயங்குவது. நரம்பின் நுனி தசையிழையைத் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றினும், உண்மையில் அவ்விரண்டிற்கும் நடுவே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. ஏவல் நரம்பின் வழியே ஓடிவந்து நுனியை அடைந்ததும், ஆங்குச் சிறு பைகளில் அடங்கியுள்ள அசிடைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் அவ்விடைவெளியிற் சிந்துகின்றது. தசையிழையின் மேற்பரப்பில் அதனைப் பெறுதற்கென்றே அமைந்த ஏற்பிகள் பல உள. அசிடைல்கோலின் அவ்வேற்பிகளைச் சென்று பற்றத் தசை சுருங்குகின்றது. பற்றிய மறுகணமே அவ்விடத்துள்ள ஒரு நொதி அசிடைல்கோலினைச் சிதைத்துவிடுதலால், தசை அடுத்த ஏவலுக்கு ஆயத்தமாகின்றது.

தசை தளர்த்தும் மருந்துகள் இந்த இடைவெளியிலேதான் தம் வேலையைச் செய்கின்றன. அவை இரு வகைப்படும். ரோகுரோனியம், வெக்குரோனியம், அட்ராகூரியம் முதலியவை ஒரு வகை. பந்தியிலே ஒருவர்க்கென்று போட்ட இலையின்முன் வேறொருவன் வந்தமர்ந்து, தானும் உண்ணாமல், எழுந்தும் போகாமல் இருந்தால் உரியவர் நிலை என்னாகும்? இம்மருந்துகள் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு தசையைச் சுருக்காமலும், அசிடைல்கோலினுக்கு இடங்கொடாமலும் இருப்பது அத்தகையதே. மற்றொரு வகையைச் சேர்ந்ததாக இன்று வழக்கிலிருப்பது சக்ஸமெத்தோனியம் ஒன்றே. அஃது இலையின்முன் அமர்ந்து உண்டுவிட்டு, உண்ட பின்னும் எழாதவனை ஒக்கும். ஆதலின் அதனைச் செலுத்தியதும் தசைகள் முதலிற் சற்றே துடித்துப் பின்னரே தளர்கின்றன. இவ்விரு வகைக்குமுள்ள வேற்றுமை, பருத்த உடலினர் திறத்தில் முற்றும் எதிரான இரு விதிகளைப் பிறப்பிக்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இம்மருந்தினத்தின் மூதாதை ஒரு நஞ்சு. தென் அமெரிக்கக் காட்டு வேடர் தம் அம்பு நுனியிற் பூசிய கூராரே என்னும் அந்நஞ்சு பட்ட விலங்கு, உடல் தளர்ந்து, மூச்சு அடங்கி மடியும். சார்லஸ் வாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் கயானாவிலிருந்து அதனைக் கொணர்ந்தார். 1814-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அந்நஞ்சை ஏற்றினர். சில நிமிஷங்களில் அது செத்தாற்போல விழுந்தது. உடனே அதன் மூச்சுக்குழலைத் திறந்து, துருத்தியினால் நுரையீரலுக்குக் காற்றூட்டிக்கொண்டே இருந்தனர். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. அதன்பின் பல்லாண்டுகள் வாட்டர்டன் தோட்டத்திலே இனிது மேய்ந்து 1839-இல் தான் இறந்தது. கூராரே இதயத்தைக் கொல்வதில்லை, மூச்சையே நிறுத்துகின்றது என்பதும், மூச்சை நாம் கொடுத்துக்கொண்டிருந்தால் உயிர் நிலைக்கும் என்பதும் அக்கழுதை கற்பித்த பாடம். பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு நாட்டுக் கிளாட் பெர்னார்ட் தவளைகளைக் கொண்டு ஆராய்ந்து, அந்நஞ்சு நரம்பும் தசையும் கூடும் இடத்திலேயே தடை செய்கின்றது என்று நிறுவினார்.

1942-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், எனிட் ஜான்சன் என்னும் இரு வைத்தியர், குடல்வால் அறுவைக்குட்பட்ட ஓர் இளைஞனுக்குக் கூராரேயிலிருந்து செய்த மருந்தைச் செலுத்தினர். அதற்கு முன்னெல்லாம் வயிற்றுத் தசை தளரவேண்டுமாயின் ஈதர் முதலிய மயக்க மருந்துகளை ஆபத்தான ஆழம்வரை கொடுக்கவேண்டியிருந்தது. அன்று முதல் மயக்கம் வேறு, தளர்ச்சி வேறு என்று பிரித்துக் கொடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது.

பிரித்ததில் ஒரு பெருந்தீங்கும் உடன்வந்தது. தளர்த்தும் மருந்து அறிவை மயக்குவதன்று. 1947-இல் அமெரிக்க மயக்க மருந்து வைத்தியராகிய ஸ்காட் ஸ்மித் என்பார், மயக்க மருந்து சிறிதுமின்றிக் கூராரேயின் சாரத்தை மட்டும் தம் உடலில் ஏற்றச்செய்தார். கண்ணிமை முதல் மூச்சுத் தசை வரை யாவும் செயலிழந்த நிலையிலும் தம்மைச் சுற்றி நடந்ததனைத்தையும் கேட்டுணர்ந்து, பின்னர் எடுத்துரைத்தார். மருந்தின் வேகம் அடங்குமுன் அறிவு தெளிந்துவிடுமாயின் நோயாளியின் நிலை யாதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவர் வாய்திறந்து முறையிடவும் இயலாது. நாம் இங்கு மில்லிகிராம் கணக்குப் பார்ப்பதெல்லாம் இதன்பொருட்டே.

இனி நம் இரண்டாம் பெண்மணியிடம் வருவோம்.

ஒருவர் பருமனை அளத்தற்கு இக்காலத்து வைத்தியர் வழங்குவது உடல் நிறைக் குறியெண். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். இக்கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெல்ஜியம் நாட்டுக் கேத்தலே என்பார் வகுத்தார். இன்றைய பெயர் 1972-இல் அமெரிக்கராகிய ஆன்ஸெல் கீஸ் இட்டது. 30-உம் அதற்கு மேலும் இருப்பின் பருத்த உடல் என்றும், 40-ஐ எட்டின் மிகப் பருத்த உடல் என்றும் உலக வழக்கு. நம் நாட்டினர்க்கு அதனினும் குறைந்த பருமனிலேயே நீரிழிவு முதலிய தீங்குகள் தோன்றுதலால் 25-ஐயே எல்லையாகக் கொள்ளவேண்டும் என்பது இந்திய வைத்தியர் பலர் துணிபு. நம் இரண்டாம் பெண்மணிக்கு 128-ஐ 1.6-இன் வர்க்கமாகிய 2.56-ஆல் வகுக்க, 50 வருகின்றது.

இனி அவர் உடலில் மிகுதியாயுள்ள எடை எதனால் ஆயது? பெரும்பகுதி கொழுப்பு. ஆயினும் முழுவதும் கொழுப்பன்று. பெருத்த உடலைத் தாங்கித் திரிதற்குத் தசையும், எலும்பும், இரத்தமும் ஓரளவு வளரவே செய்யும். மிகுந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத பொருள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எஞ்சியதெல்லாம் கொழுப்பே.

ரோகுரோனியமும் அதன் இனத்தனவும் மின்னேற்றம் உடைய பொருள்கள். அவை நீரை நாடும், எண்ணெயை வெறுக்கும். இரத்தத்திற் செலுத்தியதும் அவை இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும், உயிரணுக்களின் புறத்தே சூழ்ந்துள்ள நீரிலும் பரவுமேயன்றி, உயிரணுக்களின் சுவரைக் கடந்து உட்புகுதல் அரிது. கொழுப்பினுள்ளோ அவற்றுக்குச் சிறிதும் இடமில்லை. மேலும் கொழுப்புத் திசுவுக்குச் செல்லும் இரத்தமும், அதன் எடையை நோக்கக் குறைவே. ஆகவே, இரண்டாம் பெண்மணியின் உடல் முதலாமவர் உடலினும் இரண்டரை மடங்கு நிறையுடையதாயினும், மருந்து பரவும் நீர்நிலை இரண்டரை மடங்கு பெரியதன்று, சிறிதளவே பெரியது. சற்றே பெரிய குளத்தில் இரண்டரை மடங்கு சாயத்தைக் கரைத்தால் நீரின் நிறம் கடுமையாகத்தானே இருக்கும்? அங்ஙனமே இரத்தத்தில் மருந்தின் செறிவு வேண்டிய அளவைக் கடந்துவிடுகின்றது. ஏற்பிகளுக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பில்லை. அவை தம்மைச் சூழ்ந்த நீரிலுள்ள செறிவையே அறியும்.

செறிவு மிகுந்தால் தளர்ச்சி மிக ஆழமாகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் தசை முழுதும் தளர்ந்தபின் அதனினும் தளர்தற்கு இடமில்லை. ஆழம் கூடாது, காலமே நீளும். மருந்தில் பாதி அகல்வதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் காலம் ஏறத்தாழ ஒரு நிலையான அளவு. ஆதலின் அளவை இருமடங்காக்கினால், முதலில் அம்மிகைப் பாதி அகல ஒரு தவணை கழியும். அதன் பின்னரே சரியான அளவு கொடுத்தவர் தொடங்கிய இடத்துக்கே இவர் வந்து சேர்கின்றார். அன்றியும், சிறிய அளவு கொடுத்தபோது மருந்து இரத்தத்தினின்று பிற நீர்ப்பகுதிகளுக்குப் பரவிப்போவதே தெளிவுக்குப் போதுமானதாகும். மிகை அளவாயின் அப்பரவுதல் முடிந்த பின்னும் செறிவு மிஞ்சிநிற்க, ஈரல் அதனை மெல்லமெல்ல வெளியேற்றும்வரை காத்திருக்கவேண்டும். ஈரல் விரைவதில்லை.

இத்தாலி நாட்டு வைத்தியர் சிலர் இதனைச் சோதித்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குறியெண் 40-க்கு மேற்பட்ட பருத்த பெண்மணிகளை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு உண்மை எடைக்குத் தக்கவாறும், மற்றொரு சாரார்க்கு உயரத்திற்கு உகந்த எடைக்குத் தக்கவாறும் ரோகுரோனியத்தைக் கிலோகிராமுக்கு 0.6 மில்லிகிராம் கொடுத்தனர். தசையின் துடிப்பு நாலில் ஒரு பங்கு மீளும்வரை, உகந்த எடைக்கணக்கினர்க்கு ஏறக்குறைய 22 நிமிஷம் சென்றது. பருமனில்லாத பிறர்க்கும் ஏறத்தாழ அவ்வளவே. உண்மை எடைக்கணக்கினர்க்கோ ஏறக்குறைய 55 நிமிஷம். ஆய்வுக்குட்பட்டோர் தொகை மிகச் சிறிது என்பதை மறைத்தற்கில்லை. எனினும் பிற மருந்துகளைக் கொண்டு பிறர் செய்த ஆய்வுகளும் அதே வழியைக் காட்டுதலால், இம்முடிவு இன்று மறுப்பின்றி ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது.

உயரத்திற்கு உகந்த எடை என்றோமே, அஃது யாது? 1974-இல் டிவைன் என்பார் ஒரு கிருமிக்கொல்லி மருந்தின் அளவைக் கணித்தற்பொருட்டு எழுதிவைத்த எளிய வாய்பாடு இன்றளவும் பெருவழக்காயுள்ளது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு 45.5 கிலோகிராம், ஆணுக்கு 50 கிலோகிராம், ஐந்தடிக்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோகிராம் கூட்டுக. நம் பெண்மணிகள் இருவரும் ஐந்தடி மூன்றங்குலம் இருப்பதால், இருவர்க்கும் உகந்த எடை ஏறக்குறைய 52 கிலோகிராம். ஆகவே இருவர்க்கும் மருந்து 31 மில்லிகிராமே என்றாகின்றது. ஒருவரைத் தராசில் நிறுத்தாமலே அவர் எடையைச் சொல்லும் இவ்வாய்பாட்டைக் கண்டு மாணவர் நகைத்தலும் உண்டு. அந்நகைப்பில் நியாயமும் உண்டு. 128 கிலோகிராம் எடையுள்ளவரிடத்து முன்னர்க் கூறியபடி தசையும் இரத்தமும் சிறிது மிகுந்திருக்க, இவ்வாய்பாடு அதனை ஒரு பொருளாகக் கொள்வதில்லை. இக்குறையை நீக்கவே கொழுப்பற்ற எடை என்னும் வேறோர் அளவை 2005-இல் வகுத்தனர். அதன்படி நம் இரண்டாம் பெண்மணியின் கொழுப்பற்ற எடை ஏறக்குறைய 57 கிலோகிராம். மருந்தின் அளவு 34 மில்லிகிராம். 31-க்கும் 34-க்கும் உள்ள வேற்றுமை சிறிது. 77-க்கும் அவற்றுக்கும் உள்ள வேற்றுமையே பெரிது. எக்கணக்கு நுட்பமானது என்று வாதிடுவோர் வாதிடுக. நம் கருத்தில், தராசு காட்டும் எண்ணை இவ்வகை மருந்துக்குக் கொள்ளாதிருத்தலே தலையாயது.

தராசைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தராசின் எண்ணைப் பெருக்கற்கணக்கில் நேரே கொள்ளற்க என்றோமேயன்றி, நோயாளியை நிறுத்துப் பார்க்கவேண்டா என்றோமில்லை. பருத்தவர் பலர் தம் எடையைக் கேட்டபோது வெட்கத்தினாற் குறைத்துச் சொல்வர். கேட்பவர் முகத்தில் தோன்றும் குறுநகையே அதற்குக் காரணம். எண்ணைக் கேட்கும்பொழுது ஒருவரை நாணச்செய்தால், பொய்யான எண்ணே கிடைக்கும். அவ்வெண்ணைக் கொண்டு செய்யும் கணக்கும் பொய்யாகும்.

வெக்குரோனியம் ரோகுரோனியத்தைப் போன்றதே. அதனைப் பற்றித் தனியே கூறவேண்டுவதில்லை. அட்ராகூரியமோ தனித்தன்மையுடையது. அது பெரும்பாலும் ஈரலையும் சிறுநீரகத்தையும் எதிர்பாராமல், உடலின் வெப்பத்திலும் இரத்தத்தின் காரத்தன்மையிலும் தானே சிதைந்துபோவது. இக்குணத்தால் ஈரல் கெட்டவர்க்கும் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் அது பெரிதும் உதவுகின்றது. இதனைக் கேட்ட மாணவர், பருத்தவர்க்கும் அளவைப்பற்றிக் கவலை வேண்டா என்று எண்ணிவிடலாகாது. தானே சிதைவதாயினும், மிகுதியாக ஊற்றினால் சிதைந்து முடிய மிகுந்த நேரம் வேண்டுமன்றோ? இதற்கும் உகந்த எடையே ஏற்றது.

இனிச் சக்ஸமெத்தோனியத்தைக் காண்போம். இதுகாறும் கூறியவற்றைக் கேட்டவர், அதற்கும் 52 கிலோகிராமுக்கு உரிய அளவே போதும் என்பர். ஆண்டுத்தான் அவர் வழுக்குவர். சக்ஸமெத்தோனியத்தை உண்மை எடைக்குத் தக்கவாறே கொடுத்தல்வேண்டும். கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் என்னும் கணக்கில் நம் பெண்மணிக்கு 128 மில்லிகிராம்.

ஒரே ஏற்பியில், ஒரே உடலில், ஒரே பயனுக்காகக் கொடுக்கும் இரு மருந்துகள் இங்ஙனம் முரணுதற்குக் காரணம், சக்ஸமெத்தோனியம் அழியும் முறையே. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஈரலினால் ஆக்கப்பட்ட ஒரு நொதி திரிகின்றது. சக்ஸமெத்தோனியத்தை இரத்தக்குழாயிற் செலுத்திய கணமே இந்நொதி அதன்மேற் பாய்ந்து சிதைக்கத் தொடங்கிவிடும். கொடுத்த மருந்தில் ஒரு சிறு பகுதியே இக்கொள்ளைக்குத் தப்பித் தசையைச் சென்று அடைகின்றது. பருத்த உடலினரிடத்தில் இந்நொதியின் ஆற்றல் மிகுந்திருக்கின்றது. நீர்ப்பகுதியும் ஓரளவு மிகுந்திருக்கின்றது. வழியிற் கள்வர் மிகுந்த ஊருக்குப் பொருள் அனுப்புவோன் மிகுதியாகவே அனுப்பவேண்டும். 52 மில்லிகிராம் அனுப்பினால் தசையை அடைவது போதாதாகி, தளர்ச்சி அரைகுறையாக நிற்கும். மூச்சுக்குழலினுள் குழாயை நுழைக்கும் வைத்தியர் பாதி மூடிய தொண்டையோடு போராடவேண்டிவரும். 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் உண்மை எடைக்குத் தக்க அளவு கொடுத்தபோதே குழாய் நுழைத்தல் செவ்விதாயிற்று என்று காட்டியது. இவ்வளவு கொடுத்தும் நெடுநேரத் தளர்ச்சி உண்டாகாதோ எனின், அக்கொள்ளைக்கார நொதியே இங்கு நமக்குக் காவலாகிச் சில நிமிஷங்களில் மருந்தை ஒழித்துவிடுகின்றது. பிறவியிலேயே அந்நொதி குறைந்தவர் சிலர் உளர். அவர்க்கு மட்டும் சில நிமிஷத் தளர்ச்சி சில மணி நேரமாக நீளும். அக்குறை பருத்தவர்க்கும் மெலிந்தவர்க்கும் பொது.

குழாய் நுழைத்தலை ஏன் இத்துணை வலியுறுத்தினோம் என்று வாசகர் வினவலாம். பருத்தவர் மல்லாந்து படுத்தவுடன் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மார்பினுள் தள்ளுகின்றது. மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் எஞ்சிநிற்கும் காற்றே, மூச்சு நின்ற வேளையில் நமக்குக் கைமுதல். அக்கைமுதல் இவர்க்குக் குறைவு. செலவோ மிகுதி, பெரிய உடல் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிடுதலால். தூய பிராணவாயுவை நன்றாகச் சுவாசிக்கச்செய்து பின்னர்த் தசைகளைத் தளர்த்தினால், சாதாரண உடலினர் ஆறு முதல் எட்டு நிமிஷம்வரை மூச்சின்றியும் தாங்குவர். மிகப் பருத்தவர் ஏறக்குறைய மூன்று நிமிஷத்திலேயே ஆபத்தின் விளிம்பை அடைவர். அம்மூன்று நிமிஷத்தினுள் மருந்து வேலைசெய்து, குழாயும் உள்ளே சென்றிருக்கவேண்டும். இதற்காகவே அவர்தம் தலையையும் தோளையும் தலையணைகளால் உயர்த்தி, காதும் மார்பெலும்பின் மேல்நுனியும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி சாய்வாகக் கிடத்துவர். செலவில்லாத இச்சிறு செயல் பல உயிர்களைக் காத்துள்ளது.

விரைவு வேண்டும் என்னும் இத்தேவையே ரோகுரோனியத்தை மிகையாகக் கொடுக்கத் தூண்டுவதும் ஆகும். அளவு கூடினால் அது விரைந்து வேலைசெய்யும் என்பது உண்மை. சக்ஸமெத்தோனியம் ஆகாதவர்க்கு ரோகுரோனியத்தைக் கிலோகிராமுக்கு 1 முதல் 1.2 மில்லிகிராம்வரை கொடுத்து அதே விரைவைப் பெறுவர். அங்ஙனம் கொடுக்குங்காலும் கிலோகிராம் என்பது உகந்த எடையின் கிலோகிராமே. தொடக்கத்தில் நாம் வாங்கும் விரைவுக்கு முடிவில் நேரத்தை விலையாகக் கொடுக்கவேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று.

அம்முடிவே இனி ஆராயத்தக்கது. அறுவை முடிந்து, மயக்கம் தெளிந்து, குழாயை எடுக்கும் வேளையில் தளர்ச்சி சிறிதேனும் எஞ்சியிருந்தால் மெலிந்தவர் ஒருவாறு சமாளித்துக்கொள்வர். பருத்தவர்க்கோ தொண்டையைச் சூழ்ந்த சதை மிகுதி. உறக்கத்திற் குறட்டைவிட்டு இடையிடையே மூச்சுத் தடைப்படும் நோயும் அவருட் பலர்க்கு உண்டு. தொண்டைத் தசைகள் சற்றே தளர்ந்திருந்தாலும் மூச்சுவழி அடைத்துக்கொள்ளும். உதரவிதானம் முன்னரே வலிமை பெற்றுவிடுதலால் மார்பு எழுந்து தாழ்வது போலத் தோன்றும். ஆயின் உட்செல்லும் காற்றோ போதாது. தலையை ஐந்து விநாடி தூக்கிப் பிடிக்கச்சொல்லிப் பார்ப்பது பழைய சோதனை. தளர்ச்சி கணிசமாக எஞ்சியிருக்கும்போதே அதிற் பலர் தேறிவிடுகின்றனர். ஆதலின் அதனை நம்புதல் தகாது.

நம்பத்தக்கது கட்டைவிரல். மணிக்கட்டின் சுண்டுவிரற் பக்கமாக ஓடும் நரம்பின்மீது சிறிய மின்துடிப்புகள் நான்கை இரண்டு விநாடிகளுக்குள் கொடுத்தால், கட்டைவிரல் நான்குமுறை துடிக்கும். மருந்து எஞ்சியிருப்பின் ஒவ்வொரு துடிப்பும் முந்தியதினும் மெலிந்துவரும். நான்காவது துடிப்பை முதலாவதோடு ஒப்பிட்டு அளக்கும் இம்முறையை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிவர்பூல் நகரத்தார் வகுத்தனர். நான்காவது முதலாவதில் பத்தில் ஒன்பது பங்கேனும் இருந்தாலன்றிக் குழாயை எடுக்கலாகாது என்பது இன்றைய விதி. பருத்தவர் மணிக்கட்டிலும் கொழுப்பு மூடியிருத்தலால், நரம்பைச் சென்று எட்டுதற்கு மின்னோட்டம் மிகுதியாக வேண்டியிருக்கும். இதனை அறியாதவர், விரல் துடிக்காமை கண்டு மருந்து எஞ்சியிருக்கின்றதென்று மயங்குவர். ஆதலின் தளர்த்தும் மருந்தைக் கொடுக்குமுன்னரே கருவியைப் பொருத்தி, எவ்வளவு மின்னோட்டத்தில் விரல் முழுமையாகத் துடிக்கின்றது என்று பார்த்துவைத்துக்கொள்ளல்வேண்டும். கருவி இருந்தும் அதனைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் நீங்கவில்லை.

எஞ்சிய தளர்ச்சியை மாற்றுதற்கு இரு மருந்துகள் உள. பழையது நியோஸ்டிக்மின். அஃது அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இலைக்கு உரியவரைப் பெருங்கூட்டமாக அனுப்பி, அமர்ந்திருப்பவனை நெருக்கி எழுப்புவது போல்வது. ஆனால் அனுப்பத்தக்க கூட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. 5 மில்லிகிராமுக்கு மேல் அதனைக் கொடுப்பதிற் பயனில்லை. வெக்குரோனியத்தால் தளர்ந்த பருத்தவர்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்ததில், பாதித் தெளிவு மெலிந்தவர்க்கு வந்தாற்போலவே விரைவில் வந்தது. முழுத் தெளிவோ பன்மடங்கு தாமதித்தது. இது மிகவும் வஞ்சகமான நிலை. முதற் சில நிமிஷங்களின் முன்னேற்றத்தைக் கண்டு ஏமாந்து குழாயை எடுத்துவிடுவோர் உண்டு.

புதியது சுகம்மாடெக்ஸ். ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2015-இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. சர்க்கரை அணுக்கூட்டங்கள் எட்டு வளையமாய்ச் சேர்ந்த கிண்ணம் போன்ற இப்பொருள், இரத்தத்தில் திரியும் ரோகுரோனியத்தைத் தன்னுள் விழுங்கிக்கொள்கின்றது. ஒரு கிண்ணத்துக்கு ஓர் அணுக்கூட்டமே. ரோகுரோனியத்திற்கென்றே செய்த இக்கிண்ணம் வெக்குரோனியத்துக்கும் பயன்படும். அட்ராகூரியத்துக்கும் சக்ஸமெத்தோனியத்துக்கும் பயன்படாது.

இதன் அளவிலும் எடைப்பூசல் எழுந்தது. விரல் இருமுறை துடிக்கும் நிலையில் கிலோகிராமுக்கு 2 மில்லிகிராமும், ஆழ்ந்த தளர்ச்சியில் 4 மில்லிகிராமும், உண்மை எடைக்குத் தக்கவாறு கொடுக்குமாறு அதனைச் செய்தோர் விதித்தனர். ஒன்றுக்கொன்று விழுங்கும் மருந்தாயின், உடலிலுள்ள ரோகுரோனியம் எவ்வளவோ அவ்வளவுக்கன்றோ கிண்ணங்கள் வேண்டும்? ரோகுரோனியத்தை உகந்த எடைக்குக் கொடுத்துவிட்டு மாற்று மருந்தை உண்மை எடைக்குக் கொடுப்பது எற்றுக்கு என்று சிலர் வினவினர். உகந்த எடையோடு அதன் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக் கணக்கிட்டுக் கொடுத்ததே போதுமாயிற்று என்று ஓர் ஆய்வும் வெளிவந்தது. மருந்தின் விலை மிகுதியாதலின் இவ்வினாவுக்குப் பொருட்செலவும் ஒரு காரணம் என்பதை ஒளிப்பானேன்? ஆனால் கிண்ணம் குறைந்தால், விழுங்கப்படாத ரோகுரோனியம் பிற நீர்ப்பகுதிகளினின்று இரத்தத்துக்கு மீண்டு, தெளிந்தவரை மறுபடியும் தளர்த்திவிடக் கூடும். நோயாளி அப்போது வைத்தியர் கண்முன் இல்லாமல் வேறோர் அறையில் இருப்பார். ஆகவே குறைத்துக் கொடுப்பவர் விரலின் துடிப்பை அளந்துகொண்டே இருக்கக் கடமைப்பட்டவர். அளக்கக் கருவியில்லாதவர் குறைத்தல் ஆகாது என்பது யாம் கொண்ட முடிவு.

நம் இரண்டாம் பெண்மணிக்கு 128 மில்லிகிராம் சக்ஸமெத்தோனியம் கொடுத்துக் குழாய் நுழைத்து, அதன் வேகம் தணிந்தபின் 31 மில்லிகிராம் ரோகுரோனியம் கொடுத்து அறுவையை நடத்தினர் என்று கொள்வோம். முடிவில் விரல் இருமுறை துடித்தது. 256 மில்லிகிராம் சுகம்மாடெக்ஸ் கொடுத்தனர். சில நிமிஷங்களில் நான்கு துடிப்பும் ஒத்துவந்தன. அவரை மேசையின்மீதே பாதி அமர்ந்த நிலையிற் சாய்த்து, பேர் சொல்லி அழைத்து, கண்விழித்துக் கையை அழுத்திக் காட்டிய பின்னரே குழாயை எடுத்தனர்.